கோதுமைக்குப் பதிவேடு இல்லை

நவநீதகிருஷ்ணனுக்கு முப்பத்தேழு வயதில் பெண் கிடைத்தது. அதே மாதத்தில் அரிப்பும் கிடைத்தது.

இரண்டில் ஊருக்குப் பெரிய ஆச்சரியம் பெண் கிடைத்ததுதான். ராசிபுரம் பக்கத்துப் பண்ணைக்காரர் வீடுகளில் முப்பத்தைந்து தாண்டிய மாப்பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. எட்டாயிரம் முட்டைக்கோழி இருந்தாலும் பெண் வீட்டார், "பையன் எந்தக் கம்பெனியில இருக்கறாரு?" என்றுதான் கேட்கிறார்கள். கோழி என்றதும் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஓமலூரில் பேக்கரி வைத்திருக்கும் மணியன் மட்டும், "முட்டைக்காரரும் பேக்கரிக்காரரும் சம்பந்தம் பண்ணுனா கேக்குக்கு முட்டை தேடி வெளியில அலைய வேண்டியதில்லை" என்று தன் மகள் பிரவீனாவைக் கொடுக்கச் சம்மதித்தார்.

அதிலிருந்து நவநீதன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓமலூர் போனான். மணியன் அவனைக் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சுடச்சுடப் பப்ஸ், தேங்காய் பன், பட்டர் பிஸ்கட் என்று அடுக்குவார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பிரவீனா ஓரக்கண்ணால் பார்ப்பாள். பதினாறு வீட்டுப் படி ஏறி இறங்கியவனுக்கு, பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? தட்டில் தூள் இல்லாமல் தின்றுவிட்டு வருவான்.

திங்கள், செவ்வாயில் ஆரம்பிக்கும். முழங்கை, முழங்கால், அப்புறம் யாரிடமும் சொல்ல முடியாத, உட்காரும் இடம். கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள். நெருப்பை அள்ளித் தேய்த்தது போல் எரிச்சல். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று சொறிந்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வருவான். கோழிப் பேன் என்று நினைத்துப் பண்ணை முழுக்க மருந்தடித்தான். மருந்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டுச் சொறி மருந்து வாங்கிவந்து, தானும் பூசி, அம்மா சென்னியம்மாளுக்கும் பூசினான்.

"எனக்கு இல்லாத சொறியெல்லாம் போயிருச்சு சாமி. உனக்குத்தான் இருக்கறது போக மாட்டேங்குது" என்றாள் அம்மா.

சேலத்துத் தோல் டாக்டரம்மா நிதானமானவர். முழங்கையைப் பார்த்தார். "மத்த இடம்?" என்றார். நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றான். பிறகு அவர் மரத்துப்போக ஊசி போட்டு, கொப்புளத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்திலிருந்த நல்ல தோலில் பொட்டளவு வெட்டி எடுத்தார்.

"ஏனுங்க, புண்ணை உட்டுட்டு நல்ல இடத்துல எடுக்கறீங்க?"

"இந்த வியாதிக்குச் சாட்சி பக்கத்துலதான் இருக்கும்."

பத்து நாளில் முடிவு வந்தது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. வெளியே தோலில் தெரிந்தாலும் வேர் குடலில் இருக்கிறது, கோதுமையில் உள்ள ஒரு சத்து அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டரம்மா. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் இனி ஆகாது. ஆயுசுக்கும்.

"பரோட்டாங்களா?"

"மைதா."

"பப்ஸுங்களா?"

"மைதா."

"பட்டர் பிஸ்கட்டு...?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "பெருங்காயத்தூள்லகூடக் கோதுமை மாவு கலக்கறது உண்டு. டப்பாவைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க. அரிசி, ராகி, கம்பு, சோளம், ஜவ்வரிசி எல்லாம் தாராளமாச் சாப்பிடலாம். ஆனா சாப்பாட்டை மாத்தித் தோல் ஆற மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் அரிப்பு அடங்க இந்த மாத்திரை. நடுநடுவே ரத்தம் பார்க்கணும், மறக்காதீங்க. இதே மாத்திரையைத் தொழுநோய்க்கும் கொடுப்பாங்க. உங்களுக்கு அது இல்லை. யாராவது கேட்டா இந்த லெட்டரைக் காட்டுங்க."

மாடிப்படி இறங்கும்போது நவநீதன் மனதில் ஓடியதெல்லாம் மைதாவைப் பற்றித்தான். பேக்கரி வீட்டு மாப்பிள்ளை மைதா ஆகாது என்று எப்படிச் சொல்வது? முகூர்த்தத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. இன்னொரு நோயின் பெயர் அவன் காதில் விழுந்ததோடு சரி.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்ததும் குரலைத் தாழ்த்தினார். அவன் கையில் கொடுக்காமல் சீட்டை மேசை மேல் வைத்து விரலால் தள்ளினார். "இது இங்க வாரதில்லீங்க. தோல்நலக் கண்டறிதல் பிரிவுன்னு ஒண்ணு இருக்குது. அங்க போங்க."

தோல்நலக் கண்டறிதல் பிரிவில் மேற்பார்வையாளர் ஜீவானந்தம் அவனை எழுந்து நின்று வரவேற்றார். அரசு அலுவலகத்தில் தனக்காக ஒருவர் எழுந்து நிற்பதை நவநீதன் அன்றுதான் பார்த்தான். அவர் தலைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அதில் எழுதியிருந்தது: கண்டறிதல் இருவாரம். இலக்கு 11. சாதனை 10.

"உட்காருங்க தம்பி. உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

"மாத்திரை வேணுங்க."

"தாராளமா. பதிவேட்டுல பேர் இருக்கிறவங்களுக்கு இலவசம். பேரைச் சொல்லுங்க."

"எனக்கு அந்த நோயில்லீங்க. எனக்குக் கோதுமைங்க." லெட்டரை நீட்டினான்.

ஜீவானந்தம் பொறுமைசாலி. லெட்டரை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டாக்டர் எழுதினது சரியாத்தான் இருக்கும். ஆனா கோதுமைக்கு எங்ககிட்டப் பதிவேடு இல்லை. கோதுமை வேணும்னா ரேஷன் கடை. வேண்டாம்னாலும் அங்கேதான் எழுதிக் கொடுக்கணும். இந்த மாத்திரையை அரசாங்கம் எதுக்காக வாங்குது? தொழுநோய்க்கு. அப்போ இதைச் சாப்பிடுறவருக்கு என்ன நோய்? நான் சொல்லலை தம்பி, மாத்திரை சொல்லுது."

"டாக்டரம்மா இல்லைன்னு எழுதியிருக்கறாங்க..."

"தம்பி, மனசு விட்டுப் பேசுறேன். வருஷா வருஷம் பதினொண்ணு கண்டுபிடிச்சோம். போன வருஷம் ஒன்பதுதான் கிடைச்சுது. மேலிடத்துல கூப்பிட்டு, 'நோய் குறைஞ்சுதா, நீங்க தேடுறது குறைஞ்சுதா'ன்னு கேட்டாங்க. நோய் குறைஞ்சுதுன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? பிரிவையே மூடிடுவாங்க. இந்த நோயை ஒழிக்கத்தான் இருபத்திரண்டு வருஷமா உழைக்கிறேன். அது ஒழிஞ்சுபோச்சுன்னா நான் எங்கே போய் உழைக்கிறது?"

அந்த நேரம் பார்த்து நவநீதனின் முழங்கையில் அரிப்பு எழுந்தது. பல்லைக் கடித்தான். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று நினைத்துப் போட்டான். ஜீவானந்தம் எழுந்து போய்ப் பத்தை அழித்துப் பதினொன்று என்று எழுதி, இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தார். மாத்திரையும் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. நான்காம் நாள் ஜீவானந்தம் போனில் அழைத்து, உடனே வரச் சொன்னார்.

"தொடர்பில் இருப்பவர்கள் பட்டியல். அம்மா பேர் எழுதியாச்சு. நிச்சயம் ஆயிருக்காமே? பெண் வீடு எங்கே?"

"ஓமலூருங்க."

"என்ன தொழில்?"

"பேக்கரி."

ஜீவானந்தத்தின் முகம் மலர்ந்தது. "பேக்கரியா! தினமும் நூறு பேர் வந்துபோற இடம். ஞாயித்துக்கிழமை ஜீப்பை அங்கேயே நிறுத்துவோம். ஒலிபெருக்கி, துணிப் பதாகை. வர்றவங்க போறவங்களையெல்லாம் உட்கார வச்சுப் பரிசோதனை. உங்க ஒரு கல்யாணத்துல ஓமலூரே நம்ம கைக்கு வந்துடும்."

நவநீதன் ஜீப்பும் பதாகையும் பேக்கரி வாசலில் நிற்பதையும், கல்லாவிலிருந்து பிரவீனா எழுந்து வெளியே வந்து பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தான். "சார், அங்க மட்டும் வேண்டாங்க. உங்க கையைக் காலா நினைச்சுக் கேக்கறேன். இத்தனை வருசங் கழிச்சு அமைஞ்சிருக்குது."

"எனக்கும் மனசு இருக்கு தம்பி. விதியிலேயே ஒரு வழி இருக்கு. நோய் யார்கிட்டேருந்து வந்ததுன்னு தெரிஞ்சா, ஜீப் அவரைச் சுத்தித்தான் போகணும். பெண் வீட்டுப் பக்கம் வராது. உங்களைச் சுத்தி யாராவது, விரல் மடங்கினவங்க, கை கால் கொஞ்சம்..."

பண்ணையில் முட்டை அடுக்கும் பெரியசாமிக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்கியிருக்கும். பத்தொன்பது வருடத்துக்கு முன் தீவனம் கலக்கும் இயந்திரத்தில் கையை விட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆள் இருப்பதைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டது கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நவநீதன்தான். அதைப் பற்றி பெரியசாமி ஒருநாளும் பேசியதில்லை. கல்யாணம் முடிவானதும் பண்ணையில் முதலில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

"பெரியசாமின்னு ஒருத்தருங்க" என்றான் நவநீதன். "விரல் மடங்கியிருக்கும்."

ஜீவானந்தம் எழுதிக்கொண்டார். அழகான கையெழுத்து.

ஜீப் வெள்ளிக்கிழமை வந்தது. பெரியசாமியின் வீடு பண்ணைக்கு அடுத்த தெருவில்தான். நவநீதன் முட்டைத் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஒலிபெருக்கியைக் கேட்டான். "பொதுமக்களே, பயப்பட வேண்டாம்! தொழுநோய் முழுமையாகக் குணமாகக்கூடியது! நோயாளியை யாரும் ஒதுக்கக் கூடாது! நோயாளி யார் என்பதை நாங்கள் ஒருபோதும் வெளியே சொல்ல மாட்டோம். ரகசியம் எங்கள் உயிர். பச்சைக் கதவு, வாசலில் முருங்கை மரம் உள்ள வீட்டின் அக்கம்பக்கத்தார் அனைவரும் உடனே பரிசோதனைக்கு வரவும்!"

அந்தத் தெருவில் பச்சைக் கதவு ஒன்றுதான்.

மறுநாள் காலை பெரியசாமி பண்ணைக்கு வந்தார். ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா."

"இருக்கட்டும் சாமி. டீக்கடையில எனக்கு மட்டும் பேப்பர் கப்புல குடுத்தாங்க. சரி, கப்பு கழுவுற வேலை மிச்சம்னு குடிச்சுட்டு வந்தேன்." சிரிக்கப் பார்த்தார். "உங்க பண்ணை மிசின்ல போன வெரலுன்னு அந்த ஆபீசர்கிட்டச் சொன்னேன். சாட்சி இருக்கான்னு கேட்டாரு. உங்க பேரைச் சொல்லியிருக்கறேன் சாமி. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டீங்கன்னாப் போதும், உட்டுருவாங்க."

நவநீதனுக்குத் தலை நிமிரவில்லை. "நானு பேசறேன்ணா. ரெண்டு நாளைக்கு நீங்க ஊட்லயே இருங்க" என்றான். பெரியசாமி சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். மடங்கிய விரல்கள் உள்ள கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்திருந்தார். அந்தக் கையை அவர் மறைத்து நவநீதன் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓமலூரில் மணியன் வழக்கம்போல் தட்டை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். பிரவீனா கல்லாவை விட்டு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, உங்க சட்டைப் பாக்கெட்ல எண்ணெய் வழியுதுங்க."

நவநீதன் குனிந்து பார்த்தான். கைக்குட்டையில் சுற்றி ஒளித்து வைத்த பப்ஸ்.

"போன வாரமும் பார்த்தேன். எங்க கடைச் சரக்கு பிடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லுங்க. எனக்கே அந்தப் பப்ஸு பிடிக்காது. அப்பாகிட்டச் சொல்லிறாதீங்க."

அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. சொல்ல ஆரம்பித்தான். முழங்கை, முழங்கால், உட்காரும் இடம், நல்ல தோல், மைதா. பிரவீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேக்கரிக்காரர் மாப்பிள்ளைக்குக் கோதுமை ஆகாதுங்களா! இதுக்குப் போய் ஒளிச்சீங்களா? ராகி இருக்குது, அரிசி இருக்குது. ஊர்ல மாவுக்கா பஞ்சம்?" மாத்திரையைப் பற்றியும் பதிவேட்டைப் பற்றியும் சொன்னான். "மடச் சாம்பிராணி அந்த ஆபீசரு" என்றாள். பிறகு ஜீப் இங்கே வராமலிருக்க என்ன செய்தான் என்பதைச் சொன்னான்.

அவள் சிரிப்பு நின்றது. மேசையில் கிடந்த பிஸ்கட் தூளை ஒரு ஓரமாகக் கூட்டினாள்.

"அவருக்குப் பத்திரிகை வெச்சாச்சுங்களா?"

"இன்னும் வெக்கல."

"எப்படி வெப்பீங்க?"

நவநீதன் எண்ணெய்க் கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

"ஜீப்பு எங்க வாசல்ல நின்னிருந்தா ஒரு வாரம் யாவாரம் படுத்திருக்கும். அப்பா ரெண்டு நாள் கத்தியிருப்பாரு. அவ்வளவுதானுங்க" என்றாள் பிரவீனா. "போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. அப்புறம் பத்திரிகை வெக்க நானும் வாரேன்."

மறுநாளே நவநீதன் போய் உண்மையைச் சொன்னான். ஆனால் பதிவேட்டில் ஏறிய பெயரை அழிக்க வழி இல்லை என்றார் ஜீவானந்தம். அடித்தல் திருத்தல் கூடாது என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. "குணமானவர்னு எழுதலாம். அதுக்கு ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடணும்."

"இல்லாத நோயி எப்படிங்க குணமாகும்?"

"அதுதான் தம்பி ரொம்பச் சுலபம். நூத்துக்கு நூறு குணம் காட்டலாம்." கரும்பலகையில் இப்போது பன்னிரண்டு என்றிருந்தது. "இலக்கைத் தாண்டிட்டோம். புதன்கிழமை நிறைவு விழா. நீங்க பின்னாடி உட்காருங்க, ரகசியம் காப்போம். பெரியசாமியை மேடைக்கு அழைக்கிறோம்."

விழா ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, வாழ்த்து மடல், குத்துவிளக்கு. பெரியசாமிக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், கால் ஊறவைக்க ஒரு பிளாஸ்டிக் பேசினும். செருப்பு அவர் காலுக்கு இரண்டு அளவு பெரியது. ஜீவானந்தம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"மதிப்பிற்குரிய பெரியோர்களே! இந்தப் பெரியவர் தனக்கு நோயே இல்லை என்று கடைசிவரை மறுத்தார். ஆனால் நாங்கள் விடவில்லை. நோயாளியே நம்பாத நோயையும் கண்டறிவதுதான் எங்கள் பிரிவின் தனித்தன்மை. ஒரு வீடு விடாமல் தேடினோம். இல்லாத வீட்டிலும் தேடினோம். தேடினால் கிடைக்கும் என்பதற்கு இவரே சாட்சி!"

கைதட்டல். பெரியசாமி பேசினை மார்போடு அணைத்தபடி கூட்டத்தில் யாரையோ தேடினார். பின்வரிசையில் நவநீதனைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. சாட்சி வந்துவிட்டார் என்ற தெளிவு.

நவநீதன் எழுந்தான். மேடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. கையில் ஒலிவாங்கி இருந்தது.

"இவருக்கு ஒரு நோயும் இல்லீங்க. இந்த வெரலு எங்க மிசின்ல போனது. சுவிட்சுப் போட்டவன் நானு. அந்த மாத்திரை சாப்பிடறவனும் நான்தான், அதுவும் கோதுமை ஒத்துக்காம வந்த அரிப்புக்கு. என் கல்யாணம் கெட்டுருமோன்னு பயந்துக்கிட்டு இவரு பேரைச் சொன்னேன். நான் சொன்னது பொய்யிங்க."

ஜீவானந்தம் ஒரே ஒரு நொடிதான் திகைத்தார்.

"பார்த்தீர்களா!" என்றார் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு. "எங்கள் விழிப்புணர்வுப் பிரசாரத்தின் வெற்றி! மறைந்திருந்த ஒருவர் வெட்கம் விட்டுத் தானாகவே மேடையேறி வந்திருக்கிறார்! இத்தகைய துணிச்சலை..." சிறப்பு விருந்தினர் தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து நவநீதனுக்குப் போர்த்தினார். கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே வேப்பமரத்தடியில் பெரியசாமி நின்றுகொண்டிருந்தார். நவநீதன் பொன்னாடையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றான்.

"என் பேரைக் குடுத்தது நீங்கதானுங்களா சாமி?"

"ஆமாண்ணா."

"நானு டீக்கடைக்காரன் சொன்னான்னு நெனைச்சுட்டேன். அவன்கூட மூஞ்சி குடுத்துப் பேசாம அஞ்சு நாளாச்சு." கொஞ்ச நேரம் பேசினின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். "சுவிட்சு போட்டது நீங்கதான்னு அன்னைக்கே தெரியும். அது தெரியாமப் பண்ணுனது. அதான் நான் வாயைத் தொறக்கல." பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. விஷயத்தைக் கேட்ட மணியன் இரண்டு நாள் கத்திவிட்டு, மூன்றாம் நாள் ராகி பிஸ்கட் சுட்டு, 'மாப்பிள்ளைக்கு மட்டும்' என்று எழுதி டப்பாவில் போட்டு அனுப்பினார். பந்திச் சாம்பாரில் பெருங்காயத்தூள் விழாமல் பிரவீனா முகூர்த்தப் புடவையோடு போய்ச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். பெரியசாமி வந்தார். மொய் எழுதினார், சாப்பிட்டார், போனார். மறுவாரம் வேலைக்கும் வந்தார். முட்டை அடுக்கினார். கேட்டதற்குப் பதில் சொன்னார். 'சாமி' என்று கூப்பிடுவதை மட்டும் விட்டிருந்தார்.

பதிவேட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள், பதினொன்றும் பன்னிரண்டுமாக. விழாவில் நடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மாத்திரை சாப்பிடுவது யார், சாப்பிடாதது யார் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் ஒருநாள் காலையில் நவநீதன் பெரியசாமியோடு டீக்கடைக்குப் போனான்.

"ரெண்டு டீ போடுங்க."

கடைக்காரர் ஆற்றினார். பெரியசாமிக்குப் பேப்பர் கப். நவநீதனுக்குக் கண்ணாடித் தம்ளர், வெந்நீரில் அலசி, ஓரம் துடைத்து.

"ஏனுங்க, நோயாளிப் பதிவுல இருக்கறவன் நானு. எனக்குத்தானுங்களே பேப்பர் கப்பு குடுக்கோணும்?"

கடைக்காரர் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். "பண்ணைக்காரருக்கு எப்பவும் தமாசுதான்" என்றார் ஒருவர். "நீங்க குடிங்க மாப்பள. உங்களுக்குப் போயி பேப்பர் கப்பா?"

நவநீதன் கையை நீட்டிக் கப்பு அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தான். கடைக்காரர் மெல்ல அதை அவன் கையிலிருந்து வாங்கி, திரும்ப அடுக்கின் மேல் வைத்தார். அவ்வளவு மரியாதையோடு அதைச் செய்தார்.

பெரியசாமி சிரிக்கவில்லை. மடங்கிய விரல்களால் கப்பைப் பிடித்து டீயைக் குடித்து முடித்தார். கப்பைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, "லாரி வந்துருமுங்க" என்று சொல்லி முன்னால் நடந்தார். நவநீதன் கையிலிருந்த தம்ளர் சுட்டது. கீழே வைக்க இடம் தேடினான். எங்கே வைக்கப் போனாலும் அதை வாங்கிக்கொள்ள யாராவது ஒருவர் கை நீட்டினார்.